திருமூர்த்தியின் பாக்கி

முதலில் துரோகம் செய்தவன் திருமூர்த்தி. அவனுக்குப் பிறகும் ராக்கியண்ணனை எத்தனையோ பேர் ஏமாற்றியிருக்கிறார்கள். ஆனால் வரிசையில் முதல் ஆள் திருமூர்த்திதான். அந்த இடத்தை ராக்கியண்ணன் வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ராக்கியண்ணன் கோவையில் பவுண்டரி நடத்துகிறவர். இரும்பை உருக்கி, மணல் அச்சில் ஊற்றி, மோட்டார் பம்புகளுக்கு ஓடு வார்க்கிற தொழில். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அறுபது தாண்டியும் ஓர் இடத்தில் உட்கார மாட்டார்.

அவருக்கு ஒரு குரு உண்டு. மலையடிவாரத்தில் சின்ன மடம். சாமிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. “என் மகனைவிடச் சின்னவருங்க. ஆனா என்னை அதட்ட அவரால மட்டுந்தான் முடியும்” என்று ராக்கியண்ணன் எல்லோரிடமும் சொல்வார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வந்தபோது சாமி கிணற்றில் கயிறு போட்டுத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

“சாமி, ஒரு முடிவு சொல்லுங்க. நாளைக்குக் காலைல நான் பதில் சொல்லியாகணும்.”

“யாருக்கு?”

“துளசிமணிக்குங்க. எங்க மணல் அச்சுப் பிரிவே அந்தப் புள்ளை கையிலதான் ஓடுது. இப்ப சாயங்காலக் காலேஜுல டிப்ளமோ படிக்கணுமாம். பீஸைக் கம்பெனி கட்டுமான்னு கேக்குது.”

“கட்ட முடியாதா?”

“முடியாம என்னுங்க? நான் கட்டாட்டி எதுத்தாப்புல இருக்கற பவுண்டரிக்காரன் கட்டறேங்கறான். மாட்டேன்னு சொன்னா நாளைக்கே அங்க போயிரும். அது போச்சுன்னா அச்சு இல்லை. அச்சு இல்லைன்னா உலையை அணைக்க வேண்டியதுதான்.”

“அப்ப கட்டுங்க.”

“கட்டினா?” ராக்கியண்ணன் செருப்பைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். “படிச்சு முடிச்சதும் அதுவும் போயிருமுங்களே! திருமூர்த்தி போன மாதிரி!”

சாமி வாளியைக் கீழே வைத்தார். ராக்கியண்ணன் வரும் ஒவ்வொரு தடவையும் திருமூர்த்தியின் கதையை அவர் கேட்டிருக்கிறார். ஆனாலும், “சொல்லுங்க” என்றார். “சொல்லிக்கிட்டே இந்தக் கயிறைப் புடிங்க.”

ராக்கியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார்.

“பையன் கெட்டிக்காரன்னு நானே பாலிடெக்னிக்ல சேத்துவிட்டேன். பீஸு, புஸ்தகம், பஸ்ஸு எல்லாம் நம்ம செலவு. பரீட்சை நாளைக்குச் சம்பளத்தோட லீவு. சொந்தக்காரங்க சிரிச்சாங்க. ராக்கியண்ணனுக்கு வேலையாளைப் படிக்க வெக்கற கிறுக்குப் புடிச்சிருச்சுன்னாங்க.”

“பாஸ் பண்ணினானா?”

“பஸ்ட் கிளாஸுங்க! ஆயுத பூஜை அன்னிக்கு எல்லாருக்கும் முன்னால நாற்காலி போட்டு உக்கார வெச்சேன். சந்தனம் வெச்சு, பொன்னாடை போத்தி, போட்டோ புடிச்சு ஆபீஸ்ல மாட்டினேன். எந்த முதலாளி செய்வான், சொல்லுங்க?”

“பூஜை முடிஞ்சு?”

“லீவு முடிஞ்சு எப்பவும்போல வேலைக்கு வந்தான்.”

“என்ன வேலைக்கு?”

“கரண்டி புடிக்கறதுக்குத்தானுங்க. உருகின இரும்பை அச்சுல ஊத்தற வேலை. அவன் வேலையே அதுதானே?”

“படிச்சது?”

“இரும்பைச் சோதிக்கறதைப் பத்திப் படிச்சுட்டு வந்தான். ஒரு நாளு எல்லாரும் நிக்கறபோது, ‘சூடு பத்தலைங்க, இப்ப ஊத்தினா ஓட்டை விழும்’ங்கறான். இரும்போட நெறத்தைப் பாத்தே காலமெல்லாம் ஊத்தினவன் நான். எனக்குக் கண்ணு பழகிப் போச்சு. எங்கிட்டயே சொல்றான்! ‘சத்தம் போடாம கரண்டியைப் புடிங்க சயின்டிஸ்ட்டு’ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவனுந்தான் சிரிச்சான்.”

“ஓட்டை விழுந்துதா?”

ராக்கியண்ணன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். “அது வேற விசயமுங்க.”

சாமி நிறைந்த வாளியை வாங்கித் தொட்டியில் ஊற்றிவிட்டு, காலி வாளியைத் திருப்பிக் கொடுத்தார்.

“அந்தச் சிரிச்சவன் கொஞ்ச நாளுல போயிட்டான். போறவன் போகட்டும். ‘போயிட்டு வர்றேனுங்க’ன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? படிக்க வெச்சவன் ஆபீஸ் ரூமுல உக்காந்திருக்கறேன். சன்னலுக்கு முன்னாலயே நடந்து போறான். திரும்பிக்கூடப் பாக்கல. அந்த ஒரு வார்த்தை எனக்கு அவன் பாக்கிங்க சாமி. இன்னைக்கு வரைக்கும் வரல.”

சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். பவுண்டரி மேனேஜர். அணைத்துப் பையில் போட்டார். மறுபடி அடித்தது. மறுபடி அணைத்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தொட்டி பாதிகூட நிறையவில்லை. உள்ளங்கை எரிந்தது.

சட்டென்று கயிற்றை விட்டுவிட்டார். வாளி கிணற்றுச் சுவரில் மோதிக்கொண்டே கீழே போனது.

“ஏனுங்க சாமி, போன தை மாசம் நான் ஒரு பம்பு கொண்டுவந்து குடுத்தனே. அது எங்கீங்க?”

“இருக்குது.”

“இருக்குதுன்னா எதுக்குங்க இந்தப் பாடு?”

“வாங்க.”

சாமி அவரைப் பூஜை அறைக்கு அழைத்துப் போனார். சுவரோரம் ஒரு பலகை. பலகைமேல் ராக்கியண்ணன் பவுண்டரியில் வார்த்த பம்பு. அதற்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. சாமந்தி மாலை போட்டிருந்தது. அதன் மேல் சரிகைக் கரை போட்ட ஒரு பொன்னாடை.

ராக்கியண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

“என்ன சாமி கூத்து இது? நான் நின்னு, என் கையால ஊத்தின ஓடுங்க இது! கெணத்து மேட்டுல வெச்சு, பைப்பைப் பூட்டி, சுவிட்சைப் போட்டா கால் மணி நேரத்துல தொட்டி நெறைஞ்சு வழியும். இதுக்குப் போய்ப் பொன்னாடை போத்தி மூலைல உக்கார வெச்சிருக்கீங்களே!”

“மரியாதை பண்ணியிருக்கேன்.”

“மரியாதை யாருக்குங்க வேணும்? தண்ணி எடுக்கத்தானே குடுத்தேன்!”

“தண்ணி எடுத்தா சத்தம் போடும். எனக்குக் கயிறு பழகிப் போச்சு.”

ராக்கியண்ணன் பம்பைப் பார்த்தார், பொன்னாடையைப் பார்த்தார், பிறகு சாமியைப் பார்த்தார். சாமி சாம்பிராணிக் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ராக்கியண்ணன் குனிந்து பொன்னாடையை எடுத்து மடித்தார். மாலையைக் கழற்றிப் பலகைமேல் வைத்தார்.

“ஸ்பேனர் இருக்குங்களா?”

“உங்க கார்ல இருக்கும்.”

இருந்தது. பம்பை இருவருமாகத் தூக்கிக்கொண்டு போய்க் கிணற்று மேட்டில் வைத்தார்கள். பைப்பும் ஒயரும் பம்போடு வந்தபடியே கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. ராக்கியண்ணன் சட்டையைக் கழற்றி வேப்பங்கிளையில் போட்டுவிட்டு, மண்ணில் உட்கார்ந்து பூட்டினார். சுவிட்சைப் போட்டதும் பம்பு இரண்டு முறை இருமியது. பிறகு தண்ணீர் தொட்டிக்குள் குதித்தது. சத்தம் பெரிதாகத்தான் இருந்தது.

போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை எடுத்தார்.

“சொல்லு மேனேஜர்… ஆமா, சாமிகிட்டத்தான் இருக்கேன்… துளசிமணியா? பீஸைக் கட்டிரலாம்னு சொல்லு… அட, நெசமாத்தான்யா! அப்புறம், உலைக்குப் பக்கத்துல சாமான் போட்டு வெச்சிருக்கற அந்த ரூமைக் காலி பண்ணு. எதுக்கா? படிச்சுட்டு வந்தா அந்தப் புள்ளை எங்கய்யா உக்காரும், உன் தலைமேலயா? இரு, இரு, வெச்சறாத. ஒண்ணு மட்டும் எழுதி வாங்கிரு. படிச்சு முடிச்சு அஞ்சு வருசம் எங்கயும் போகமாட்டேன்னு பத்திரத்துல கையெழுத்துப் போடட்டும். போட்டாத்தான் பீஸு.”

சாமி கையை நீட்டி சுவிட்சை அணைத்தார். தண்ணீர் நின்றது.

ராக்கியண்ணன் போனைக் கையால் பொத்திக்கொண்டார். “ஏனுங்க சாமி?”

“அந்த அஞ்சு வருசம் யாரோடது?”

“துளசிமணியோடதுதானுங்க. பின்ன யாரோடது?”

“துளசிமணி எங்கயாவது சொல்லாமப் போயிருக்காளா?”

“இல்லீங்க.”

“அப்ப யாரு போனதுக்கு இந்தப் பத்திரம்?”

போனுக்குள் மேனேஜர், “அண்ணா, அண்ணா” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ராக்கியண்ணன் போனைக் காதுக்குக் கொண்டுபோனார். “பத்திரம் வேண்டாம்” என்றார். வைத்துவிட்டார்.

சாமி சுவிட்சைப் போட்டார்.

ராக்கியண்ணன் சட்டையை மாட்டினார். கார்வரைக்கும் போனார். நின்றார். திரும்பி வந்தார்.

“எல்லாஞ்செரிங்க சாமி. நான் செஞ்சது தப்புன்னே வெச்சுக்குங்க. ஆனா அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணுமா, இல்லையா?”

“சொல்லியிருக்கணும்.”

“அப்ப என் பாக்கி?”

“பாக்கிதான்” என்றார் சாமி. “அப்படியே இருக்கட்டும். துளசிமணி கணக்குல எழுதாதீங்க.”