கட்டிலின் கால்மாடு

வன்னியில், ஒரு குளக்கரையோரம் இருந்த சிறு மடத்துக்கு இராசநாயகம் வந்து சேர்ந்தபோது அவருக்கு அறுபத்திரண்டு வயது. தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். மடத்துச் சாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

"என்னைச் சீடனாய் ஏற்கவேணும்," என்றார் இராசநாயகம்.

"எதுக்கு ஐயா?"

"பயம் போகவேணும்."

ஆறு மாதத்துக்கு முன் அவருடைய ஊரில் கிபிர் விமானங்கள் குண்டு போட்டன. சத்தம் கேட்டதும் அவர் ஓடிப்போய்ப் பதுங்குகுழிக்குள், பங்கருக்குள் குதித்தார். மனைவி அடுப்படியில் நின்றுவிட்டார். குண்டு அங்கேதான் விழுந்தது. அதற்குப் பிறகு தெருவில் மோட்டார் சைக்கிள் உறுமினாலே சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடுவார்.

சாமி உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. "இருங்கோ," என்றார். இடம்பெயர்ந்து வந்த நாலு குடும்பங்கள் மடத்து வளவில் கொட்டில் போட்டிருந்தன. அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சுவதில் நாட்கள் போயின.

பன்னிரண்டாம் நாள் காலை வேவு விமானம் வந்தது. சனங்கள் அதை வண்டு என்பார்கள். தலைக்கு மேலே விடாமல் இரைந்துகொண்டிருந்தது. வண்டு வந்தால் பின்னால் கிபிர் வரும் என்று குழந்தைகளுக்கும் தெரியும். கஞ்சி அடிப்பிடித்து மணத்தது.

திடீரென்று தகரத்தை இழுத்துக் கிழிப்பது போலச் சத்தம்.

முதலில் ஓடியது சாமி.

இராசநாயகம் அவருக்குப் பின்னால் பங்கருக்குள் விழுந்தார். குளத்துக்கு அப்பால் குண்டு வெடித்தது. கூரையிலிருந்து மண் கொட்டியது. சாமி மூலையில் குந்தியிருந்தார். அவருடைய பற்கள் கிடுகிடுவென்று அடித்தன.

"சாமி, நீங்களுமா?"

"ஓம், நானும்."

"அப்ப நான் உங்களிட்டை என்னத்தைப் படிக்கிறது?"

சாமி இருட்டில் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சின்னப் பெண் "அம்மா, அம்மா" என்று அழுதாள்.

அவளுடைய தாய் றெஜினா மட்டும் வரவில்லை. மன்னாரிலிருந்து வந்தவள். செல் குண்டுத் துண்டு பட்டு, கால் முழுக்க மாவுக்கட்டோடு கொட்டிலில் கிடந்தாள். வழக்கமாக அவளைத் தூக்கி வரும் கணவன் நிவாரண அரிசிக்குப் போயிருந்தான்.

விமானங்கள் தூரத்தில் வளைந்து திரும்பும் ஓசை கேட்டது.

சாமி எழுந்தார். கால் நடுங்கியதில் படியைத் தவறவிட்டு விழுந்தார். மறுபடி ஏறி வெளியே போனார்.

இராசநாயகம் பங்கர் வாசலில் தலையை நீட்டிப் பார்த்தார். சாமி றெஜினா கிடந்த கட்டிலின் தலைமாட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கட்டில் கால்கள் மணலில் புதைந்து அசைய மறுத்தன.

"விட்டிட்டு ஓடுங்கோ சாமி! என்ரை பிள்ளையைப் பாருங்கோ!" என்று றெஜினா கத்தினாள்.

சத்தம் நெருங்கியது.

"சாமி, எனக்குப் பயமாயிருக்கு!" என்று இராசநாயகம் அலறினார்.

"எனக்கும்தான். கால்மாட்டைப் பிடியுங்கோ!"

எப்படி வெளியே வந்தார் என்று அவருக்குத் தெரியாது. வேட்டி நனைந்து தொடையில் ஒட்டியது. கட்டில் கையில் இருந்தது. முப்பது அடி தூரம். வாசலில் வைத்து றெஜினாவை உள்ளே சரித்து இறக்கி, அவர்களும் அவள்மேல் விழாமல் உருண்டார்கள்.

கொட்டில்கள் இருந்த இடத்தில் குண்டு விழுந்தது.

வெகுநேரம் எல்லோரும் இருமினார்கள். பிள்ளை தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தது. றெஜினா வலியில் முனகினாள். ஆனால் உயிரோடு இருந்தாள்.

"சாமி," என்றார் இராசநாயகம். "இது எப்ப போகும்?"

"எது?"

"இந்த நடுக்கம்."

சாமி தன் கைகளைப் பார்த்தார். அவையும் இன்னும் நிற்கவில்லை.

"தெரியாது ஐயா," என்றார். "அடுத்தமுறை நீங்கள் தலைமாட்டைப் பிடியுங்கோ. அந்தப் பக்கம்தான் பாரம்."