எட்டாவது ஆசனம்

நரசிங்க பூபதி ராஜாவாக முடிசூடி மூன்று நாள்கூட ஆகவில்லை. அதற்குள் தலைவலி வந்துவிட்டது. கிரீடம் கனம் என்றார் அரண்மனை வைத்தியர். காரணம் அதுவல்ல.

பங்காளிச் சண்டையில் தனக்குப் படை கொடுத்த தலைவர்கள் பத்தொன்பது பேரையும் தனித்தனியே அழைத்துத் தோளில் தட்டி, "ஜெயித்தால் நீர்தான் மந்திரி" என்று சொல்லியிருந்தார் ராஜா. ஜெயித்தும் தொலைத்துவிட்டார். அந்த நாட்டிலோ மந்திரி ஆசனம் மொத்தமே எட்டு. ஒன்பதாவது போட்டால் நாட்டுக்கு ஆகாது என்பது பழைய சாஸ்திரம்.

அரண்மனையில் ஓலை எழுதும் பிச்சாண்டியைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை பதவிப் பிரமாணம். பட்டியலை நீயே எழுது. ஆற்றுக்கு வடகரையும் தென்கரையும் சமமாக இருக்க வேண்டும்."

"ஆகட்டும், மகாராஜா."

"பத்தொன்பதில் என் மச்சானும் ஒருவர். அவர் கட்டாயம் உள்ளே."

"அவரை விட்டால் அரண்மனையில் அடுப்பெரியுமா?"

"கடைசியாக ஒன்று. பத்தொன்பது பேரும் சிரித்த முகத்தோடு ஊர் திரும்ப வேண்டும். எவராவது கோபித்துக்கொண்டு படையைக் கிளப்பினால், அன்றைக்கே நீ நாட்டை விட்டு நடந்துவிடு."

பிச்சாண்டியோ பிள்ளைகுட்டிக்காரர், எழுத்தாணி பிடிப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாது. வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். மனைவி உடனே கட்டுச்சோற்றுக்குப் புளி ஊற வைத்தாள்.

வெள்ளிக்கிழமை சபை கூடியது. எட்டு ஆசனங்களில் எட்டாவதன் மேல் மட்டும் சிவப்புப் பட்டு போர்த்தியிருந்தது. பிச்சாண்டி பெயர்களைப் படித்தார். மச்சான், வடகரையில் மூவர், தென்கரையில் மூவர். ஏழோடு நிறுத்திவிட்டார்.

கொம்பனூரார் எழுந்தார். முந்நூறு குதிரைக்குச் சொந்தக்காரர். கோட்டை வாசலில் அத்தனைக்கும் சேணம் பூட்டி வைத்துவிட்டுத்தான் சபைக்கே வந்திருந்தார்.

"என் பெயர் எங்கேயய்யா?"

"பொறுக்க வேண்டும். எட்டாமவர் யார் என்று மகாராஜா மனத்துக்குள் முடிவு செய்துவிட்டார். தை பிறந்தால் வழி பிறக்கும். ஒன்று மட்டும் அடியேன் சொல்லலாம். அவர் இப்போது இந்தச் சபையில்தான் நிற்கிறார்."

தான் முடிவு செய்துவிட்டது ராஜாவுக்கே அப்போதுதான் தெரியும். முகத்தை மாற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

மிச்சமிருந்த பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், மற்ற பதினொரு பேரும் ஏமாறப் போகிறார்களே என்று ஒவ்வொருவருக்கும் இரக்கமாக இருந்தது. கொம்பனூரார் வெளியே ஆளனுப்பிச் சேணத்தை அவிழ்க்கச் சொன்னார்.

அன்று முதல் கொம்பனூர் நெய் வாராவாரம் அரண்மனைக்கு வந்தது. பன்னிருவரில் இன்னொருவரான ஆலத்தூரார் யாரும் கேட்காமலே ஏரியைத் தூர் வாரினார். எல்லையில் எதிரி தலைகாட்டியபோது பன்னிரண்டு படைகளும் நான் முந்தி நீ முந்தி என்று ஓடின. எதிரி கூட்டத்தைப் பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டான். பதவி கிடைத்த ஏழு பேர் மட்டும் மத்தியானம் நன்றாகத் தூங்கினார்கள்.

தை பிறந்தது. "பங்குனியில்" என்றார் பிச்சாண்டி. பங்குனியும் வந்தது. "அறுவடை முடியட்டும்" என்றார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. நெய் மட்டும் இரண்டு குடமாயிற்று.

ராஜாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"பதவி கொடுத்தால்தான் உழைப்பார்கள் என்று நினைத்திருந்தேன், பிச்சாண்டி. கொடுக்காமலே வேலை வாங்கும் இந்த வித்தையை எந்தக் குருவிடம் கற்றாய்?"

"தங்களிடம்தான், மகாராஜா."

"என்னிடமா?"

"தாங்கள் இளவரசராக இருந்தபோது எனக்கு ஆற்றோரம் ஐந்து மா நிலம் தருவதாகச் சொன்னீர்கள். பதினொரு வருஷமாகக் கேட்கும்போதெல்லாம் 'உனக்கு இல்லாமலா?' என்கிறீர்கள். அடியேன் ஒரு நாளாவது வேலைக்குப் பிந்தி வந்ததுண்டா?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். அங்கேயே நிலத்தைக் கொடுத்தார். ஓலையைப் பிச்சாண்டியே எழுதினார். முத்திரை காய்ந்துவிட்டதா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள், சபை கூடி மூன்று நாழிகை கழித்து, வெற்றிலை மென்றுகொண்டே வந்து சேர்ந்தார் பிச்சாண்டி.