கலோலி விழுங்கிய ஆட்டம்

பறவையும் விலங்கும் மனிதரோடு சரிக்குச் சரி வாயாடிய அந்தக் காலத்தில், ஆப்பிரிக்காவிலே கம்பாலா என்னும் குன்றுகளின் நகரத்தில், தெரு என்றால் அது கலோலிகளுக்குத்தான் சொந்தம். கலோலி என்பது அந்த ஊர்ப் பெருநாரைக்குப் பெயர். வளர்ந்த பிள்ளையின் உயரம் நிற்கும். வழுக்கைத் தலை, கடப்பாரை மாதிரி அலகு, கறுப்புக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டது போல இறக்கை. நீ அழகு என்று சொன்னால் அதுவே நம்பாது. ஆனால் ஆட்டம் என்று வந்துவிட்டால் அதற்கு ஈடு எதுவும் கிடையாது.

சாயங்காலம் ஆனதும் கலோலிகள் மரத்திலிருந்து தெருவுக்கு இறங்கும். எலும்பு, மீன் தலை, அழுகின பழம் என்று கிடக்கிற குப்பையை எல்லாம் தின்று தீர்க்கும். பிறகு மற்றவை வட்டமாக நின்று அலகைத் தட்டித் தாளம் போட, மூத்த கலோலி நடுவே வந்து ஆடும். அந்த நீளக் கால்கள் போடுகிற ஆட்டத்தைப் பார்த்தால் பசித்தவனுக்கும் பசி மறந்துபோகும். ஊரே இருபக்கமும் கூடிவிடும்.

கூடலாமே தவிர ஆடக் கூடாது. "தெருவைச் சுத்தம் செய்வது நாங்கள். ஆகவே தெருவில் ஆடுவதும் நாங்கள்தான்" என்று மூத்த கலோலி சட்டம் போட்டிருந்தது. பார்த்துக்கொண்டிருப்பவர்களில் யாருடைய கால் அசைகிறதோ, அவர் அன்றைக்கே குன்றின் உச்சியில் இருக்கும் கலோலி மரத்தடிக்குப் போய்விட வேண்டும். அங்கே கூடுகளுக்குக் காவல் நிற்கிற வேலை. போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. அநியாயச் சட்டம்தான். ஆனால் அப்புறம் குப்பையை யார் அள்ளுவது என்ற கேள்வி வந்ததும் பெரியவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். எந்த ஊர்ப் பெரியவர்கள்தான் மூடிக்கொள்ளவில்லை?

அந்தத் தெருவில் நசோலோ என்று ஒரு சிறுமி இருந்தாள். அவள் அம்மா தெருவோரத்தில் வேர்க்கடலை வறுத்து விற்பவள். நசோலோவுக்கு அடிவாரத்து ஊற்றிலிருந்து சுரைக்குடுக்கையில் தண்ணீர் மொண்டு, தலையில் வைத்துக்கொண்டு மேடேறி வருகிற வேலை. அவளுக்குக் கிகோங்கோ என்று ஒரு தம்பி. நடக்கப் பழகிய நாளிலிருந்து அந்தப் பயல் ஒழுங்காக நடந்ததே இல்லை, எங்கே போனாலும் குதிப்புத்தான். சாப்பிடும்போதுகூட ஒரு கால் தரையைத் தட்டிக்கொண்டிருக்கும். அதனால் கலோலி ஆட்டத்தின்போது நசோலோ அவன் பாதங்களின் மேல் தன் பாதங்களை வைத்து அழுத்திக்கொண்டே நிற்பாள். எல்லாரும் ஆட்டத்தைப் பார்ப்பார்கள், அவள் மட்டும் குனிந்து தம்பியின் காலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் நல்ல மழை. செம்மண் பாதை வழுக்கியதால் ஊற்றிலிருந்து வர அவளுக்கு நேரமாகிவிட்டது. மேட்டில் ஏறும்போதே அலகுகள் தட்டும் ஓசை கேட்டது. குடுக்கையை இறக்கக்கூட நிற்காமல் ஓடினாள். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்த நேரமும் தாளம் நின்ற நேரமும் ஒன்றாக இருந்தது.

"யாருடைய கால் அது?" என்று கேட்டது மூத்த கலோலி.

"என்னோடதுதான்," என்றான் கிகோங்கோ. பிறகு அக்காவைப் பார்த்து, "நான் ஒண்ணும் பண்ணலக்கா. அதுவாப் போயிடுச்சு," என்றான்.

அம்மா அகப்பையோடு ஓடி வந்து அழுதாள். "சின்னப் புள்ளைங்கய்யா. தெரியாமப் பண்ணிட்டான், விட்டுடுங்க."

"சட்டத்தில் சின்னது பெரியது இல்லை," என்றது கலோலி.

நசோலோவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "பெரியவரே," என்றாள், "இந்தத் தாளத்தைக் கேட்டுக்கிட்டு சும்மா நிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க ஒரு நாளும் நின்னதில்லை. இன்னைக்கு நான் ஆடறேன், நீங்க நின்னு பாருங்க. பொழுது சாயற வரைக்கும் உங்க கால் அசையலைன்னா தம்பியோட என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க. அசைஞ்சுட்டா அவனை விட்டுடணும், தெருவும் எங்களுக்கு."

கலோலிகள் அலகு கிழியச் சிரித்தன. "சரி. பொழுது சாயும் வரை தெரு உன்னுடையது," என்று மூத்த கலோலி ஓரமாய்ப் போய் நின்றுகொண்டது.

நசோலோ தலையிலிருந்த குடுக்கையை இறக்கி ஓரமாய் வைத்துவிட்டு நடுவே வந்தாள். வருஷக்கணக்காகத் தம்பியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு ஆட்டம் எங்கே தெரியும்? கேட்டறிந்த வரையில் கலோலி மாதிரியே ஒரு காலைத் தூக்கினாள், இரண்டு கையையும் விரித்தாள். கலோலிக்குக் கொட்டாவி வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே தெருவே நிஜமாகக் கோணல், குன்றுச் சரிவு, அதுவும் மழைச் சேறு. தூக்கிய கால் கீழே பட்டதும் சர்ரென்று வழுக்கியது.

ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஆனால் அந்தச் செம்மண் மேட்டில் தினமும் தண்ணீர் சுமக்கிற பிள்ளைக்கு விழுந்துகொண்டே விழாமல் இருக்கத் தெரியும். இடுப்பு ஒரு பக்கம் போனது, முழங்கால் மறுபக்கம் போனது, தலை மட்டும் குடுக்கை இன்னும் மேலே இருப்பது போல அப்படியே நின்றது. நிமிர்ந்தபோது நசோலோவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேண்டுமென்றே இன்னொரு தடவை வழுக்கினாள்.

கலோலியின் கொட்டாவி பாதியில் நின்றது.

அவ்வளவுதான், பிறகு அவள் யாரையும் பார்த்து ஆடவில்லை. தண்ணீர் மொள்ளுகிற மாதிரி குனிந்தாள். ஆட்டுக்குட்டியைத் துரத்துகிற மாதிரி ஓடினாள். மழைக்குட்டையைத் தாண்டினாள், அம்மா கடலை புடைக்கிற மாதிரி தோளைக் குலுக்கினாள். தினம் செய்து அலுத்த வேலை எல்லாம் தாளத்தில் விழுந்து ஆட்டமாகிவிட்டது. தாளம் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? அம்மாதான். அழுத கண்ணோடு அகப்பையால் வறுசட்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஆடி ஆடி நசோலோவுக்கு மூச்சு வாங்கியது. சூரியனோ இன்னும் குன்றுக்கு மேலேதான் இருந்தது. சுற்றும் முற்றும் பார்த்தாள். ஓரத்தில் கிகோங்கோவின் கால் துடித்துக்கொண்டிருந்தது. எத்தனையோ நாள் அவள் மிதித்து அடக்கிய கால் அது. போய் அவன் கையைப் பிடித்து நடுவே இழுத்துவிட்டாள்.

அவன் ஆடிய ஆட்டத்தை என்னவென்று சொல்வது! தாளம் கேட்டபோதெல்லாம் மிதிபட்டுக் கிடந்த கால் அல்லவா? மண்ணிலே நின்றதைவிடக் காற்றிலே நின்றதுதான் அதிகம். களைத்ததும் அவன் கால் துடித்த இன்னொரு பிள்ளையை இழுத்துவிட்டான். அது இன்னொன்றை இழுத்தது. தெருப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஆட, சேறு முட்டளவு தெறித்தது.

கலோலிக்கு என்ன ஆயிற்று? கால் நகத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றது. ஆட்டம் உள்ளங்காலில் ஊறி, முழங்காலுக்கு ஏறி, வயிற்றுக்கு வந்தது. மானம் போய்விடுமே என்று அதை அப்படியே விழுங்கியது. மறுபடி ஏறியது, மறுபடி விழுங்கியது. விழுங்கினதெல்லாம் தொண்டையில் சேர்ந்து பெரிய பையாகத் தொங்கியது. கால் மட்டும் அசையவே இல்லை.

பொழுது சாய்ந்தது. அம்மா சட்டியைத் தட்டுவதை நிறுத்தினாள்.

"தொண்டை அசைஞ்சுதுக்கா, நான் பார்த்தேன்," என்றான் கிகோங்கோ.

"பந்தயம் காலுக்குத்தான்டா," என்றாள் நசோலோ. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கலோலியின் முன்னால் வந்து நின்றாள். "நீங்க ஜெயிச்சுட்டீங்க. வாங்க, போகலாம்."

ஜெயித்த கலோலி ஒரு வெற்றி ஆட்டம் போடலாம் என்று காலைத் தூக்கப் பார்த்தது. கால் வரவில்லை. காலில் இருந்த ஆட்டம் எல்லாம் தொண்டைப் பைக்குள் போய்விட்டிருந்தது. அந்தப் பிள்ளைகளின் சேறு படிந்த கால்களைக் குனிந்து பார்த்தது.

"உங்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால்," என்றது கடைசியில், "நாளைக்கு நான் எதைப் பார்ப்பது?"

பிறகு இறக்கையை விரித்து எதிர்வீட்டுக் கூரைமேல் போய் நின்றுகொண்டது. அங்கிருந்து பார்த்தால் தெரு முழுவதும் தெரியும். அதே மாதிரி ஆட்டத்தை விழுங்கிப் பை தொங்கிய மற்ற கலோலிகளும் பின்னாலேயே போய் ஆளுக்கொரு கூரையாகப் பிடித்துக்கொண்டன. குன்றின் உச்சியில் காவல் நின்றவர்கள் அன்றைக்கே வீடு திரும்பினார்கள்.

சேதி ஊர்விட்டு ஊர் பரவி, ஆப்பிரிக்காவின் பல நகரங்களுக்கும் போயிற்று. அன்று தொட்டுத்தான் கம்பாலாவின் கூரைமேலும் விளக்குக் கம்பத்திலும் கலோலிகள் கழுத்தில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு அசையாமல் நிற்கின்றன. அன்று தொட்டுத்தான் கீழே தெருவில், தண்ணீர்க்குடம் காலியாகக் கிடக்க, பிள்ளைகள் புழுதி பறக்க ஆடுகிறார்கள். அந்த வட்டத்தில் ஓரமாய் நிற்கிற யாருடைய கால் அசைகிறதோ, அவரைத்தான் கையைப் பிடித்து நடுவே இழுத்துவிடுகிறார்கள்.