இதுவே இறுதி

குவளைநாட்டு அரண்மனையில் கணினிக்கு நிரல் எழுதுவது என் வேலை. நிரல் சுமாராக எழுதுவேன். எழுதியதற்குப் பெயர் வைக்கத்தான் வராது.

கோட்டைக் கதவைத் திறக்கும் நிரலை முடித்ததும் ‘இறுதி’ என்று பெயரிட்டேன். ஒரு பிழை தெரிந்தது. திருத்தி, ‘புது இறுதி’ என்றேன். அதிலும் பிழை. ‘இதுவே இறுதி’ என்றேன். வேட்டை முடிந்து மன்னர் திரும்பிய அன்று எதை இயக்குவது என்று எனக்கே குழம்பிவிட்டது. ‘இறுதி’யை இயக்கினேன். சலவைக்காரரின் கழுதைக்கு முரசு முழங்கிக் கதவு திறந்தது. பின்னால் யானைமேல் மன்னர் வந்தார். மூடிக்கொண்டது.

மறுநாள் அமைச்சர் விருத்தகிரியார் என் கணினித் திரையைச் சபைக்கே காட்டினார். என் வேலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித்தர வெகுநாளாகக் காத்திருந்தவர்.

“பாருங்கள் மகாராஜா! இறுதி, புது இறுதி, இதுவே இறுதி. இங்கே ஒன்றுக்குத் ‘தற்காலிகம்’ என்று பெயர். ஆறு வருஷமாக அப்படியே கிடக்கிறது. அறிவுள்ளவன் எவனாவது இப்படி வைப்பானா?”

“என்ன சொல்கிறீர், சாத்தப்பரே?” என்றார் மன்னர். “சரியான பதில் இல்லையென்றால் அந்தக் கழுதைமேலேயே எல்லையைத் தாண்ட வேண்டியதுதான்.”

“அறிவுள்ளவன் வைக்க மாட்டான், மகாராஜா. நான் வைத்தேன். ஆனால் அமைச்சரிடம் ஒன்று கேட்க வேண்டும்.”

“கேளும்.”

“ஐயா, உங்கள் பிள்ளைகளின் பெயரைச் சொல்லுங்கள். நாலாவதிலிருந்து போதும்.”

“அது எதற்கு இங்கே?”

“சொல்லுமய்யா,” என்றார் மன்னர்.

“நாலாவது சம்பூர்ணம்.”

“ஏன் அந்தப் பெயர்?”

“அதோடு போதும் என்று...”

“அடுத்தது?”

“மங்களம். பாடி முடித்துவிட்டோம் என்று நினைத்தோம்.”

யாரோ இருமினார்.

“அதற்கும் அடுத்தவன்?”

அமைச்சர் தரையைப் பார்த்தார். “யோசித்துக்கொண்டிருக்கிறோம். இப்போதைக்குத் தம்பி என்று கூப்பிடுகிறோம்.”

“என்ன வயது?”

“ஒன்பது.”

நான் மன்னர் பக்கம் திரும்பினேன். “அமைச்சரும் அவர் வீட்டம்மாவும், இரண்டு பேர் உட்கார்ந்து யோசித்தே இப்படி. நான் தனியாள், மகாராஜா.”

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. அமைச்சரும் வேறு வழியில்லாமல் சிரித்தார்.

“கழுதை வேண்டாம். இவருக்கு ஒரு பட்டம் கொடுக்க வேண்டும்! என்ன பட்டம்...”

மன்னர் விட்டத்தைப் பார்த்தார். புலவர்களும் விட்டத்தைப் பார்த்தார்கள். வெகுநேரம் ஆயிற்று. சாப்பாட்டு மணி அடித்தது.

“இப்போதைக்குப் ‘புதுப்பட்டம்’ என்று எழுதுங்கள்,” என்றார் மன்னர். “அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.”

இப்போது அவருடைய பேரன் ஆள்கிறார். அவரும் என்னைப் புதுப்பட்டம் என்றுதான் கூப்பிடுகிறார்.