பாதியில் நின்ற பேச்சு

மெஹருன்னிசாவிடம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள வந்தவர்களில், அவரைவிட வயதில் மூத்தவர் சவரிமுத்து ஒருவர்தான். திண்டுக்கல்லில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மில் மூடியதும் வந்து சேர்ந்தார். அவர் இவரை டீச்சர் என்பார். இவர் அவரை அண்ணே என்பார்.

ஒரு நாள் சவரிமுத்து ஒரு கேள்வியோடு டீச்சரின் கடைக்கு வந்தார்.

“டீச்சர், பழுதே இல்லாத மெஷின் நின்னுபோகுமா?”

“எங்க நிக்குது?”

“கனகசபை சார் வீட்ல. ஓடிக்கிட்டே இருக்கும், சொல்லாம கொள்ளாம ஆஃப் ஆயிடும்.”

கனகசபையின் மனைவி விசாலத்துக்குத் தொண்டையில் புற்று வந்திருந்தது. ஆபரேஷனில் உயிர் பிழைத்தார். குரல் போய்விட்டது. அதன்பிறகு அவர் சொல்ல நினைப்பதைக் கம்ப்யூட்டரில் தட்டுவார், அது வாசித்துச் சொல்லும். அந்த வீட்டில் அதுதான் அவருடைய வாய்.

“என்னென்ன பாத்தீங்க?” என்றார் மெஹருன்னிசா.

“பவர் சப்ளை மாத்தினேன். ரேமைக் கழட்டித் துடைச்சுப் போட்டேன். ஃபேன்ல தூசி எடுத்து, ப்ராசஸர் சூடாகாம இருக்கப் புதுசா பேஸ்ட் வச்சேன். இங்க கடையில நாள் பூரா ஓடவிட்டேன், நிக்கல. அவங்க வீட்டுக்கே கொண்டுபோய் மேசை மேல வச்சு ஓடவிட்டேன். அங்கயும் நிக்கல. நான் கிளம்பி வந்த பிறகு நின்னுருச்சு.”

“கரண்ட்?”

“ஒரு குறையும் இல்ல. பக்கத்து லைட்டு மினுங்கக்கூட இல்ல.”

“நீங்க இருக்கிறப்ப நிக்கிறதில்ல.”

“ஆமா டீச்சர். என்னைக் கண்டா பயமோ என்னமோ.”

அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அந்தம்மா இப்பப் பேசுறதையே விட்டுட்டாங்க. ஞாயித்துக்கிழமை மக சுமதி போன் பண்ணும். போனை ஸ்பீக்கர் பக்கத்துல வச்சுத்தான் பேசிக்குவாங்க. போன தடவை நடுவுல நின்னதும் கையை எடுத்துட்டாங்களாம். இந்த வாரம் கம்ப்யூட்டர் பக்கமே வரல.”

மெஹருன்னிசா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். ஸ்க்ரூ டிரைவர் பையை எடுக்கவில்லை.

கனகசபை வீட்டில், இவர்கள் பார்ப்பதற்காகக் கம்ப்யூட்டரை மேசைமேல் எடுத்து வைத்திருந்தார்கள்.

“நாங்க வராதப்ப இது எங்க இருக்கும்?” என்று கேட்டார் மெஹருன்னிசா.

கனகசபை சிபியூவைத் தூக்கி, மேசைக்கு அடியில் கதவு போட்ட சின்ன மர அலமாரிக்குள் வைத்தார். கதவு திறந்தே இருந்தது.

“அப்படியே இருக்கட்டும். எங்களை மறந்துட்டு நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருங்க.”

விசாலம் தயங்கினார். பிறகு தட்டினார்.

“என்ன பேசறது?” என்றது கம்ப்யூட்டர்.

“எதையாவது பேசுங்க, அம்மா.”

விசாலம் கணவரைப் பார்த்தார்.

“இன்னிக்கு ரசத்துல உப்பு இல்ல.”

“போட்டேனே,” என்றார் கனகசபை.

“போடல.”

“போட்டேன் விசாலம்.”

“பருப்புல ரெண்டு தடவை போட்டீங்க.”

சவரிமுத்து திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மெஹருன்னிசா திரையைப் பார்க்கவே இல்லை. ஒரு ஓரமாக உட்கார்ந்து கனகசபையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சு ரசத்திலிருந்து பக்கத்து வீட்டுப் பூனைக்குப் போயிற்று. சித்திரை வெயில். சிபியூவின் ஃபேன் மெல்ல இரையத் தொடங்கியது. கனகசபை தலையைச் சாய்த்து ஸ்பீக்கர் பக்கம் திருப்பினார். கொஞ்ச நேரம் கழித்து, பேச்சுக்கு நடுவிலேயே, காலை நீட்டி அலமாரிக் கதவைத் தள்ளி மூடினார். இரைச்சல் அடங்கியது. பூனை கதை தொடர்ந்தது.

கதை முடிந்ததும் விசாலம் விசைப்பலகையை அருகே இழுத்துக்கொண்டார். பிறகு நிதானமாகத் தட்டினார்.

“சுமதிக்கு எட்டாம் மாசம். நான் பேசலைன்னு கோவிச்சுக்கப் போறா. எனக்கு அவகிட்ட சொல்ல நிறைய இருக்கு. ஆனா பாதியில நின்னா அவ பயந்து...”

திரை இருண்டது.

விசாலத்தின் விரல்கள் விசைகளின் மேலேயே நின்றன. சவரிமுத்து துள்ளி எழுந்து பிளக்கைப் பார்க்க ஓடினார்.

“அண்ணே, அங்க வேணாம். கதவைத் திறந்து கையை உள்ள விடுங்க.”

அவர் கையை விட்டார். விட்ட வேகத்தில் எடுத்தார்.

“அடுப்பு மாதிரி இருக்கு டீச்சர்!”

மெஹருன்னிசா கனகசபையிடம் கேட்டார். “சார், இந்தக் கதவை எப்பவும் மூடுவீங்களா?”

“ஃபேன் இரையும். அப்ப மூடுவேன்.”

“இரைச்சல் தொந்தரவா இருக்கா?”

கனகசபை மனைவியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

“அந்தச் சத்தத்துல இவ பேசுறது எனக்குக் கேக்க மாட்டேங்குது. கொஞ்ச நாளாவே காது மந்தமாயிட்டு வருது.”

விசாலம் திரும்பி அவரைப் பார்த்தார். விசாலத்துக்கு இது தெரியாது.

“அவளுக்குக் குரல் போயிருக்கு. எனக்குக் காது போகுதுன்னு எந்த வாயால சொல்றது?”

சவரிமுத்துவுக்கு இப்போதுதான் புரிந்தது. கதவை மூடினால் உள்ளே சூடு ஏறுகிறது. சூடு ஏறினால் ஃபேன் இன்னும் வேகமாக இரைகிறது. இரைந்தால் கனகசபை கதவை இன்னும் இறுக்கிச் சாத்துகிறார்.

“அப்ப, இத்தனை நாளா இவ பேச்சை நிறுத்தினது நானா?” என்றார் கனகசபை.

சவரிமுத்துவால் அதைத் தாங்க முடியவில்லை. அவசரமாகச் சொன்னார். “சார், ஒண்ணும் இல்ல. இவ்வளவு சூடானா ஆஃப் ஆகணும்னு உள்ள ஒரு கணக்கு வச்சிருக்கு. அந்த அளவைக் கொஞ்சம் ஏத்திவிட்டா நிக்காது. கதவையும் மூடிக்கலாம். இல்லையா டீச்சர்?”

“நிக்காது,” என்றார் மெஹருன்னிசா. “அப்புறம் ஒரு நாள் எழுந்திரிக்கவும் எழுந்திரிக்காது.”

சவரிமுத்து அலமாரிக்கு முன் குனிந்தார். சிபியூவை வெளியே எடுத்து, காற்று படும்படி மேசைமேல் வைத்தார். சூடு தணியும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். மறுபடி ஓடவிட்டபோது, மூடக் கதவு இல்லாததால், இரைச்சல் அறை முழுவதும் கேட்டது.

விசாலம் தட்டினார். கம்ப்யூட்டர் ஏதோ சொன்னது.

“என்ன?” என்றார் கனகசபை, காதருகே கையைக் குவித்து.

விசாலம் அதையே இன்னொரு முறை சொல்ல வைத்தார்.

“இரைஞ்சா இரையட்டும். நீங்க கிட்ட வந்து உக்காருங்க.”

கனகசபை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மனைவியின் தோளை ஒட்டி உட்கார்ந்தார். விசாலம் போனை எடுத்துச் சுமதியின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தார்.

மெஹருன்னிசாவும் சவரிமுத்துவும் வாசலைத் தாண்டும்போது மறுமுனையில் மணி அடிக்கிற சத்தம் கேட்டது.

தெருமுனை வரை சவரிமுத்து கூடவே நடந்தார். பிறகு நின்றார்.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும். நீங்க மெஷின் பக்கம் திரும்பக்கூட இல்ல. வந்ததுலருந்து அவரையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. ஏன்?”

“மெஷினைத்தான் நீங்க நல்லாப் பாத்துட்டீங்களே, அண்ணே.”