அம்மன் இறங்கிய நிழல்

கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் ஒரே வலி. பகலெல்லாம் ஜல்லிக் கூடை சுமந்த தலையில் பொழுது சாய்ந்ததும் தண்ணீர்க் குடத்தை ஏற்றினால் வலி எங்கே போகும்? அப்படியும் சிலம்பாயி அம்மையார் ஒரு நாளும் முறை தவறியவரல்லர். கல்லுடைக்கும் கிரஷரின் புழுதியைக் கழுவிவிட்டு, செருப்பில்லாத காலோடு, யாரிடமும் பேச்சுக் கொடுக்காமல் நடப்பார். லாரிப் பாதையோரத்து வேப்பங்கன்றுக்கு ஊற்றிய பிறகுதான் ஒரு வாய்க் கஞ்சி குடிப்பார்.

ஒரு காலத்தில் இதே விரதத்தோடு மாரியம்மன் கோயிலுக்குப் போனவர்தான். அவர் கணவர் நல்லேந்திரன், கல் உடைத்து உடைத்து நெஞ்சில் புழுதி கட்டி மூச்சுக்குத் திணறினார். "அவரைப் பொழைக்க வெச்சிரு தாயே, பால்குடம் எடுக்கறேன்" என்று அம்மையார் நேர்ந்துகொண்டார். பாதையோரத்துப் பழைய வேம்பின் அடியில் படுத்தால் மட்டும் அந்த மனிதருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. லாரி திரும்ப இடைஞ்சல் என்று அந்த மரத்தை வெட்டினார்கள். அடுத்த மழைக்கு முன்னே அவரும் போய்ச் சேர்ந்தார்.

அம்மையார் கோயில் வாசலில் நின்றார். "உன் மரத்தையே உன்னால காப்பாத்த முடியல. எம் புருசனை எங்க காப்பாத்தப் போற" என்று கேட்டுவிட்டுத் திரும்பினார். அந்தப் படியை அப்புறம் ஏறவில்லை. வெட்டுப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்று நட்டார்.

ஊர் சும்மா இருக்குமா? "சாமியை விட்டுட்டுச் செடிக்குச் சேவகம் பண்றியே சிலம்பாயி, பொங்கல் எப்ப வெக்கிற?" என்று குழாயடியில் சிரித்தார்கள்.

"அது மூச்சு குடுக்கும், நான் தண்ணி குடுக்கறேன். உன் சாமிகிட்ட கணக்கு இவ்வளவு நேரா இருக்குமாடி?"

கன்றை ஆடு கடித்தது. ஒரு லாரி மிதித்து முறித்தது. முறிந்த இடத்தில் புடவைக் கிழிசலைச் சுற்றிக் கட்டினார் அம்மையார். கன்று பிடிவாதமாக மரமாயிற்று. ஒரு கிளை பாதையின் மேல் தாழ்ந்து படர்ந்தது.

அந்த ஆண்டுத் திருவிழாவில் உச்சி வெயிலில் அம்மன் சப்பரம் அந்த வழி வந்தது. கிளை தடுத்தது. தர்மகர்த்தா பெரியண்ணன் அரிவாள் கொண்டுவரச் சொன்னார். ஊரில் ஓடும் லாரிகளெல்லாம் அவருடையவைதாம். திருவிழாவுக்குக் கிரஷர் ஓடாததால் அன்று பகலிலேயே தண்ணீர் எடுத்த அம்மையார் குடத்தோடு மரத்தடியில் வந்து நின்றார்.

"தள்ளி நில்லு. ஆத்தா வர்ற வழி."

"உங்க லாரிக்கு நாங்க தெனமும் ஒதுங்கித்தான் போறோம். ஆத்தா ஒரு நாளைக்கு ஒதுங்கிப் போகட்டும்."

"சாமியையே ஒதுங்கச் சொல்றியா?"

"மொத மரத்தை வெட்டுனப்ப அவ பேசல. இப்ப அவளுக்காக நீங்க பேசாதீங்க."

சப்பரத்தின் முன்தண்டைத் தாங்கியிருந்த வீரமலையும் கிரஷர் கூலிதான். "பேசி முடிங்கய்யா, தோள் கழண்டுரும்" என்றவனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. விடாத இருமல். மூச்சுக்குத் தவித்து நிழலுக்குள் கால் வைத்தான், முழங்கால் மடங்கியது. சப்பரம் சாய்ந்துவிடுமோ என்று பயந்து மற்றவர்களும் கூடவே தாழ்ந்தார்கள். கிளைக்குக் கீழே, வேம்பின் நிழலில், அம்மன் தரையில் இறங்கினாள்.

கொட்டு நின்றது. வழியில் சப்பரம் தரை தொட்டால் அந்த இடம் மண்டகப்படி. அங்கே இருப்பவர் கொடுப்பதை வாங்காமல் அம்மன் எழமாட்டாள் என்பது அவ்வூர் வழக்கம்.

"ஆத்தா உன் எடத்துல எறங்கிட்டா தாயி" என்றார் பூசாரி. "குடத்தை அவ காலடியில ஊத்து."

அம்மையார் வீரமலையைப் பார்த்தார். அவன் மரத்தில் முதுகைச் சாய்த்திருந்தான். மூச்சு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் குடத்துத் தண்ணீர் முழுவதையும் வேரில் ஊற்றினார்.

"தண்ணி மரத்துக்கு. நெழல் அவளுக்கு. வேணும்னா வாங்கிக்கச் சொல்லு."

பெரியண்ணன் வாயைத் திறக்குமுன் பூசாரி கையை உயர்த்தினார். அந்தக் கிளையிலிருந்தே ஒரு கொத்து வேப்பிலை பறித்து அம்மன் மார்பில் சாத்தினார்.

"வாங்கிக்கிட்டா. தூக்குங்கப்பா. வளைஞ்சு போங்க."

அன்றுமுதல் அம்மன் ஆண்டுதோறும் அந்த நிழலில் இறங்குகிறாள். கிரஷருக்குப் போகிறவர் வீட்டுப் பெண்கள் இப்போது வேப்பங்கன்று வைப்பதாக நேர்ந்துகொள்கிறார்கள். கும்பிடாத கையால் நிழல் வளர்த்த சிலம்பாயி அம்மையாரின் காற்புழுதி நமக்குத் திருநீறாகட்டும்.

அவர் நேர்ந்துகொண்ட பால்குடம் மட்டும் அம்மனுக்கு இன்னும் பாக்கி.