தலைவரின் இடுப்பு

வலைக்கு இருபுறமும் நின்று மட்டையால் ஆடும் பிக்கிள்பாலில் சர்வ் போடும்போது பந்தை இடுப்புக்குக் கீழேதான் அடிக்க வேண்டும். குடியிருப்புச் சங்கத் தலைவர் தணிகாசலம் நெஞ்சுயரத்தில்தான் அடிப்பார். இறுதி ஆட்டத்தில் அவருக்கு எதிரே தோட்டக்காரர் சுடலைமுத்து. சுடலைமுத்து தோற்றால் வேலைக்காரர்கள் யாரும் இனி கோர்ட்டில் கால் வைக்கக் கூடாது என்பது பந்தயம்.

“ஐயா, சர்வ் இடுப்புக்கு மேல போகுது.”

தலைவர் பேண்ட்டை நெஞ்சுவரை ஏற்றினார். “நான் பேண்ட் போடுற இடம்தான்யா என் இடுப்பு. இல்லைன்னு நிரூபி பார்ப்போம்.”

“சரிங்கய்யா.”

தன் முறை வந்ததும் சுடலைமுத்து டவுசருக்கு மேல் கட்டியிருந்த லுங்கியை ஏற்றிக் கழுத்தில் கட்டிக்கொண்டு, தோளுயரத்தில் ஓங்கி அடித்தார்.

“யோவ், இடுப்பு எல்லாருக்கும் ஒரே இடத்துலதான்யா இருக்கும்.”

“அப்படிங்களா? அப்ப ரெண்டு பேரும் இறக்கிக்குவோம்.”

குடியிருப்பே பார்க்க, தலைவர் பேண்ட்டை இறக்கி, முதல்முறையாக ஒழுங்காகச் சர்வ் போட்டார். பந்து வலையைத் தாண்டவில்லை. கடைசிவரை ஒன்றுமே தாண்டவில்லை.

மறுநாள் காலை கோர்ட்டில் வாட்ச்மேன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள்.